நுண்ணோக்கிக்கு விடை கொடுக்கலாமா?

காசநோயை 2025ஆம் ஆண்டுக்குள் ஒழித்துவிடுவோம் என்று 2018 மார்ச் மாதம் தில்லியில் நடந்த மாநாட்டில் இந்தியா அறிவித்தது. உலக நாடுகள் 2030ஐ இலக்காக வைத்திருந்தபோது, நாம் ஐந்து ஆண்டுகள் முந்திக்கொள்ள விரும்பினோம். அந்த ஆண்டு வந்து போய்விட்டது, நோய் போகவில்லை. 2015இல் ஒரு லட்சம் பேருக்கு 237 என்றிருந்த புதிய நோயாளிகளின் எண்ணிக்கை 2024இல் 187ஆகக் குறைந்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அதாவது 21 சதவீதச் சரிவு. உலக சராசரியான 12 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இது மெச்சத்தக்கதே. ஆனால், நாம் நமக்கே விதித்துக்கொண்ட இலக்கு 80 சதவீதம். இன்றும் உலகக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியர்.

இலக்கு தவறியதற்கு வறுமை, ஊட்டச்சத்துக் குறைவு, நெரிசலான வீடுகள், சர்க்கரை நோய், புகை, மது என்று பல காரணங்கள் உண்டு. அவை பலராலும் விவாதிக்கப்படுபவை. அதிகம் விவாதிக்கப்படாத ஒரு காரணத்தைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். நோயை நாம் எதைக் கொண்டு கண்டுபிடிக்கிறோம் என்பதே அது. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு உருவான சாயப் பரிசோதனைதான் அண்மைக்காலம் வரை இந்தியாவின் முதன்மைக் கருவியாக இருந்தது. இப்போது அதைக் கைவிட்டு மூலக்கூறுச் சோதனைக்கு மாற வேண்டும் என்ற குரல் வலுத்திருக்கிறது. அந்தக் குரலில் பெரும்பகுதி நியாயம் உண்டு. ஆனால், சாயத்தோடு சேர்த்து நுண்ணோக்கியையும், அதன் முன் அமர்ந்திருக்கும் மனிதரையும் நாம் கைவிட்டுவிடக் கூடாது என்பதே என் வாதம்.

சாயத்தின் கதை

பாக்டீரியாக்கள் பெரும்பாலும் நிறமற்றவை. சளியிலோ சீழிலோ அவை இருந்தாலும், வெறும் நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் சாயத் தொழில் செழித்தபோது, துணிக்கு ஏறும் சாயம் கிருமிக்கும் ஏறும் என்பதை அங்கிருந்த மருத்துவர்கள் கண்டுகொண்டார்கள். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை உலகுக்கு அறிவித்தார். அந்த நாளையே இன்று உலகக் காசநோய் தினமாகக் கடைப்பிடிக்கிறோம். கோக்கின் வெற்றிக்குப் பின்னால் இருந்தது ஒரு சாய முறை. மெத்திலீன் நீலத்தை ஊற வைத்து, பழுப்புச் சாயத்தால் சுற்றுப்புறத்தை மாற்றி, நீலக் கோலாகக் கிருமியைத் தனித்துக் காட்டினார். அதே ஆண்டில் பால் எர்லிக் அந்த முறையை எளிமையாக்கினார். ஃபிரான்ஸ் சீல், ஃபிரெட்ரிக் நீல்சன் இருவரும் அடுத்தடுத்து அதைச் செம்மைப்படுத்தினார்கள். இன்றும் அந்த இருவர் பெயரில்தான் சீல்-நீல்சன் சாயம் வழங்கப்படுகிறது. எர்லிக் சில ஆண்டுகள் கழித்துத் தன் சளியையே சாயமேற்றிப் பார்த்து, தனக்குக் காசநோய் இருப்பதை அறிந்துகொண்டார் என்பது மருத்துவ வரலாற்றில் பதிவான செய்தி.

1884இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், பெர்லினில் பணியாற்றியபோது மற்றொரு முறையை வெளியிட்டார். நிமோனியாவால் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் பாக்டீரியாவைத் தனித்துக் காட்டுவதே அவர் நோக்கம். பாக்டீரியா உலகத்தையே இரண்டாகப் பிரிக்கும் கோட்டைத் தாம் வரைந்திருக்கிறோம் என்று அவர் எண்ணவில்லை. தம் முறை குறைபாடு உடையது என்றே அடக்கத்தோடு எழுதினார். ஆனால், 'கிராம் பாசிட்டிவ்', 'கிராம் நெகட்டிவ்' என்ற சொற்கள் இன்றும் உலகின் ஒவ்வொரு மருத்துவமனையிலும் நாள்தோறும் ஒலிக்கின்றன.

சிவப்பும் நீலமும்

இந்தச் சோதனைகள் எப்படி வேலை செய்கின்றன என்பதைச் சுருக்கமாகவேனும் அறிந்துகொண்டால்தான், அவற்றின் வலிமையும் வரம்பும் விளங்கும்.

காசநோய்க் கிருமியின் மேலுறையில் மைக்கோலிக் அமிலம் என்ற மெழுகு போன்ற பொருள் நிறைந்திருக்கிறது. சாதாரணச் சாயம் அதற்குள் எளிதில் புகாது. எனவே கண்ணாடிச் சிலைடில் சளியைத் தடவி, உலர்த்தி, கார்பால் ஃபியூக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றி, ஆவி எழும் வரை சூடாக்குகிறார்கள். வெப்பமும் கார்பாலிக் அமிலமும் சேர்ந்து சாயத்தை உள்ளே செலுத்துகின்றன. பிறகு கந்தக அமிலக் கரைசலால் கழுவுகிறார்கள். மற்றக் கிருமிகளும் செல்களும் சிவப்பை இழந்துவிடும். காசநோய்க் கிருமி மட்டும் இழக்காது. கடைசியாக மெத்திலீன் நீலம் ஊற்றினால், நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் கோல்கள் தெரியும். 'அமிலம் தாங்கும் கிருமி' என்று அதற்குப் பெயர் வந்தது இதனால்தான்.

கிராம் சாயத்தில் வேறு கணக்கு. முதலில் ஊதாச் சாயம், பிறகு அயோடின். இரண்டும் செல்லுக்குள் சேர்ந்து பெரிய கூட்டுப்பொருளாகின்றன. அடுத்து ஆல்கஹால் ஊற்றுவார்கள். தடித்த சுவர் கொண்ட பாக்டீரியா ஊதாவைப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய சுவரும் அதன் மேல் கொழுப்புப் படலமும் கொண்டவை அதை விட்டுவிடும். இறுதியில் சாஃப்ரனின் ஊற்றினால் விட்டவை இளஞ்சிவப்பாகத் தெரியும். முதல் வகை கிராம் பாசிட்டிவ். இரண்டாம் வகை கிராம் நெகட்டிவ். சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்தச் சோதனை, எந்த வகை மருந்து வேலை செய்யக்கூடும் என்பதற்கு முதல் குறிப்பைத் தருகிறது.

சென்னையும் பெங்களூரும் காட்டிய வழி

இந்தியாவின் காசநோய்த் திட்டம் நுண்ணோக்கியின் மீது கட்டப்பட்டதற்குத் தெளிவான காரணம் உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நோயாளிகளைச் சானடோரியத்தில் அடைத்து வைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்தும் குணப்படுத்த முடியும் என்பதை 1959இல் உலகுக்கு நிரூபித்தது. வீட்டிலிருந்து சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்பதையும் அது காட்டியது. இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக அது வளர்ந்து நிற்கிறது. அதே 1959இல் பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனம் உருவானது. அங்கு பானர்ஜியும் ஆண்டர்சனும் 1963இல் வெளியிட்ட ஆய்வு, கிராமங்களில் காசநோய் அறிகுறி உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே ஏதோ ஒரு மருத்துவ நிலையத்தை நாடியிருந்தார்கள் என்று கண்டறிந்தது. வந்தவர்களுக்குச் சளிப் பரிசோதனை செய்யப்படாததே குறை. இருமலுக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இந்த இரண்டு கண்டுபிடிப்புகளும் சேர்ந்தே இந்தியாவின் திட்டத்துக்கு வடிவம் கொடுத்தன. நோயாளி வீட்டில் இருக்கலாம். நோயைக் கண்டுபிடிக்கும் வசதி அவர் வீட்டருகே இருக்க வேண்டும். 1997இல் தொடங்கி 2006க்குள் நாடு முழுவதும் விரிந்த திருத்தப்பட்ட தேசியத் திட்டம், ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு நுண்ணோக்கி மையம் என்ற கணக்கை வகுத்தது. மலைப்பகுதிகளுக்கும் பழங்குடிப் பகுதிகளுக்கும் 50,000 பேருக்கு ஒன்று. மின்சாரம் தடைபட்டாலும் கண்ணாடியில் சூரிய ஒளியைப் பிரதிபலித்து வேலை செய்யக்கூடிய ஒரு கருவி, இரண்டு மூன்று புட்டிச் சாயம், பயிற்சி பெற்ற ஓர் ஆய்வக நுட்புநர். இதைக் கொண்டே லட்சக்கணக்கான உயிர்கள் காப்பாற்றப்பட்டன. இந்த வரலாற்றை மறந்துவிட்டுப் பழைய தொழில்நுட்பத்தை எள்ளுவது நன்றி மறப்பதாகும்.

கண்ணுக்குத் தப்பும் கிருமிகள்

ஆயினும், வரலாற்றுக்கு நன்றி சொல்வது வேறு. அதன் குறையை மூடி மறைப்பது வேறு. ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகள் இருந்தால்தான் அவை நுண்ணோக்கியில் தட்டுப்படும். அதற்குக் குறைவாக இருந்தால் சிலைடில் எதுவும் தெரியாது. அறிக்கையில் 'நெகட்டிவ்' என்று எழுதப்படும். கிருமி வளர்ப்புச் சோதனையில் 10 முதல் 100 கிருமிகள் இருந்தாலே போதும். ஆனால், காசநோய்க் கிருமி மெதுவாகப் பெருகுவதால் முடிவு வர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

யாருக்குக் கிருமி குறைவாக இருக்கும்? நோயின் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு, எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கு, சளியை வெளியே துப்பத் தெரியாமல் விழுங்கிவிடும் குழந்தைகளுக்கு, நுரையீரலுக்கு வெளியே நிணநீர்க் கணுவிலோ மூளை உறையிலோ முதுகெலும்பிலோ நோய் வந்தவர்களுக்கு. ஆக, யாரை முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டுமோ, யார் மிகவும் நலிந்தவர்களோ, அவர்களையே சாயப் பரிசோதனை அதிகம் தவறவிடுகிறது. நுரையீரலில் குழி விழுந்து, மாதக்கணக்கில் இருமி, வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கிருமியைப் பரப்பிய பிறகு வருபவரை அது தவறாமல் பிடிக்கிறது.

நெகட்டிவ் என்றால் பரப்பமாட்டார் என்பதும் முழு உண்மையன்று. சான் பிரான்சிஸ்கோவில் நடத்தப்பட்டு 1999இல் வெளியான மரபணு ஆய்வு, அங்கு நிகழ்ந்த பரவலில் ஏறக்குறைய 17 சதவீதம் சளிப் பரிசோதனையில் நெகட்டிவ் என்று வந்த நோயாளிகளிடமிருந்தே தொடங்கியதாகக் காட்டியது.

மற்றொரு குறை இன்னும் பெரியது. சாயம் கிருமியைக் காட்டும்; அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதைக் காட்டாது. ரிஃபாம்பிசினுக்கு அடங்கும் கிருமியும் அடங்காத கிருமியும் சிலைடில் ஒரே சிவப்பாகத்தான் தெரியும். மருந்து பலிக்கவில்லை என்பதை மாதக்கணக்கில் சிகிச்சை அளித்த பிறகே அறிந்துகொண்ட நோயாளிகள் நம் நாட்டில் ஏராளம். அந்த மாதங்களில் அவர்கள் உடல் நலிந்தது மட்டுமின்றி, மருந்துக்கு அடங்காத கிருமி மற்றவர்களுக்கும் சென்றது.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்ப் பரவல் கணக்கெடுப்பு இரண்டு உண்மைகளைச் சொன்னது. அறிகுறி இருந்தவர்களில் 64 சதவீதம் பேர் எந்த மருத்துவ உதவியையும் நாடவில்லை. மார்பு எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் கேட்டிருந்தால், கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர் தவறிப்போயிருப்பார்கள். இருமலோடு வருபவரின் சளியைப் பார்ப்போம் என்ற பழைய கொள்கை, 1960களில் புரட்சியாக இருந்தது. இன்று அது போதவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மூலக்கூறுச் சோதனையின் வரவு

2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் எக்ஸ்பெர்ட் என்ற கருவியைப் பரிந்துரைத்தது. நம் நாட்டில் இது 'சிபிநாட்' என்ற பெயரில் அறியப்படுகிறது. சளியிலுள்ள கிருமியின் டி.என்.ஏ.வைப் பெருக்கிக் கண்டறியும் இந்தக் கருவி, இரண்டு மணி நேரத்தில் காசநோய் உண்டா என்பதையும் ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு உண்டா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும். ஒரு மில்லிலிட்டரில் நூற்று முப்பது கிருமிகள் இருந்தாலே அதற்குப் போதும். அதன் மேம்பட்ட வடிவத்துக்கு இன்னும் குறைவாக இருந்தாலும் போதும். கோவாவில் உருவான 'ட்ரூநாட்' கருவிக்கு 2020இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் கிடைத்தது. மின்கலத்தில் இயங்கக்கூடியது, குளிரூட்டிய அறை தேவைப்படாதது என்பதால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஏற்றது. முதல் சோதனையாகச் சாயத்துக்குப் பதில் மூலக்கூறுச் சோதனையையே பயன்படுத்த வேண்டும் என்பது இன்று உலக சுகாதார நிறுவனத்தின் தெளிவான நிலைப்பாடு. இந்தியாவும் அந்தத் திசையில்தான் செல்கிறது. இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. காசநோய் என்று ஐயப்படும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளிலேயே இந்தச் சோதனை கிடைக்க வேண்டும்.

ஆனால், கிடைக்கிறதா என்பதே கேள்வி. கருவி வாங்குவது ஒருமுறைச் செலவு. அதற்கான கார்ட்ரிட்ஜும் சிப்பும் ஒவ்வொரு நோயாளிக்கும் தேவை. எக்ஸ்பெர்ட் கார்ட்ரிட்ஜின் விலை ஏழை நாடுகளுக்கே நெடுங்காலம் 9.98 டாலராக இருந்தது. ஐந்து டாலருக்குத் தர முடியும் என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் பிறரும் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, 2023 செப்டம்பரில் அது 7.97 டாலராகக் குறைந்தது. விலை ஒருபுறம், வழங்கல் மறுபுறம். ஒரே நிறுவனத்தின் கார்ட்ரிட்ஜ் மட்டுமே பொருந்தும் கருவிக்கு, அந்த நிறுவனத்தின் வரத்து நின்றால் மாற்று இல்லை. 2024 தொடக்கத்தில் காசநோய் மருந்துகளுக்கே தட்டுப்பாடு வந்து, மாநிலங்கள் உள்ளூரில் வாங்கிக்கொள்ளும்படி மத்திய அரசு சொல்ல நேர்ந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. மருந்துக்கு வந்த நிலை சோதனைப் பொருளுக்கு வராது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

கார்ட்ரிட்ஜ் தீர்ந்த நாளில், பழுதான கருவி பொறியாளருக்காகக் காத்திருக்கும் வாரத்தில், நோயாளியைத் திருப்பி அனுப்பாமல் இருக்க ஒரு மாற்று வேண்டும். தினக்கூலியை விட்டுவிட்டு வந்தவர், 'அடுத்த வாரம் வாருங்கள்' என்றால் மீண்டும் வருவார் என்று நம்ப முடியாது. அந்த நாளில் கைகொடுக்கக்கூடியது சாயமும் நுண்ணோக்கியுமே.

சிகிச்சையைக் கண்காணிக்க

மாற்று ஏற்பாடாக மட்டுமல்லாமல், தனக்கே உரிய ஒரு பணியும் சாயப் பரிசோதனைக்கு உண்டு. மூலக்கூறுச் சோதனை டி.என்.ஏ.வைத் தேடுகிறது. மருந்தால் செத்த கிருமியின் டி.என்.ஏ. சளியில் நெடுநாள் தங்கியிருக்கும். அதனால், குணமாகி வருபவருக்கும் அது 'பாசிட்டிவ்' என்று காட்டக்கூடும். எனவே, சிகிச்சை எப்படிப் பலிக்கிறது என்பதைக் கண்காணிக்க அதைப் பயன்படுத்துவதில்லை. முதல் இரண்டு மாதத் தீவிர சிகிச்சையின் முடிவிலும், சிகிச்சை நிறைவிலும் சளியைச் சாயமேற்றிப் பார்ப்பதே நடைமுறை.

அந்தப் பார்வைக்கு ஓர் அளவுகோல் உண்டு. எண்ணெய் வில்லை வழியாக 100 பார்வைப் புலங்களைப் பார்த்து ஒரு கிருமியும் இல்லையென்றால் நெகட்டிவ். 100 புலங்களில் 1 முதல் 9 வரை இருந்தால் எண்ணிக்கையை அப்படியே எழுத வேண்டும். 10 முதல் 99 வரை என்றால் 1+. ஒரு புலத்துக்கு 1 முதல் 10 வரை என்றால் 2+. அதற்கு மேல் 3+. முதலில் 3+ என்றிருந்தவர் இரண்டு மாதத்தில் நெகட்டிவ் ஆனால் மருத்துவருக்கு நிம்மதி. 3+ அப்படியே நீடித்தால், மருந்தை ஒழுங்காக உட்கொள்கிறாரா, மருந்துக்கு எதிர்ப்பு உருவாகிவிட்டதா என்று உடனே தேட வேண்டும். சாயமும் செத்த கிருமியை உயிருள்ளதிலிருந்து பிரித்துக் காட்டாது. இறுதித் தீர்ப்பு வளர்ப்புச் சோதனையினுடையதே. ஆனால், எண்ணிக்கை இறங்குகிறதா என்பதை உள்ளூரிலேயே, அன்றே, சில ரூபாயில் சொல்லக்கூடிய வேறு சோதனை இன்று பரவலாக இல்லை.

ஊதாவா, இளஞ்சிவப்பா?

காசநோய்க்குச் சாயப் பரிசோதனையை அளவுக்கு அதிகமாக நம்பிய நாம், மற்றத் தொற்றுகளுக்கு அதை அளவுக்குக் குறைவாகப் பயன்படுத்துகிறோம் என்பது ஒரு முரண். காய்ச்சல் என்றாலே ஆன்டிபயாடிக் எழுதும் பழக்கம் நம் நாட்டில் வேரூன்றிவிட்டது. ஆன்டிபயாடிக் எதிர்ப்பால் 2019இல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்தார்கள் என்று 2022இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 2025 முதல் 2050 வரை மொத்தம் 3.9 கோடிப் பேர் இப்படி இறக்கக்கூடும் என்று 2024இல் அதன் தொடர் ஆய்வு எச்சரித்தது. இதை முன்கூட்டியே உணர்ந்து, 2012இல் மருத்துவ அமைப்புகள் பல கூடி வெளியிட்ட 'சென்னைப் பிரகடனம்' இந்தியாவுக்கு ஒரு வழிகாட்டியைத் தந்தது. 2014 மார்ச் முதல் முக்கியமான ஆன்டிபயாடிக்குகள் எச்1 பட்டியலின் கீழ் வந்தன. மருந்துக் கடையில் மருத்துவர் சீட்டு கேட்க வேண்டும் என்ற விதியும் வந்தது. ஆனால், சீட்டை எழுதுபவர் எதை ஆதாரமாகக் கொண்டு எழுதுகிறார் என்பதை எந்த விதியும் கேட்பதில்லை.

கிராம் சாயம் இங்கேதான் உதவுகிறது. கழுத்து விறைத்து, நினைவு தடுமாறி வரும் நோயாளியின் தண்டுவட நீரைச் சாயமேற்றிப் பார்த்தால், ஒரு மணி நேரத்துக்குள் மூளைக்காய்ச்சலின் காரணம் பாக்டீரியாவா, அது எந்த வகை என்ற குறிப்பு கிடைக்கும். இரத்த வளர்ப்புக் குப்பி 'பாசிட்டிவ்' என்று காட்டியவுடன் அதிலிருந்து ஒரு துளியை எடுத்துச் சாயமேற்றினால், கொத்துக் கொத்தான ஊதா உருண்டைகளா, இளஞ்சிவப்புக் கோல்களா என்பது தெரியும். முழு முடிவு வர மேலும் ஒன்றிரண்டு நாட்கள் ஆகும். அதற்குள் மருந்தைச் சரியான திசையில் திருப்ப அந்தக் குறிப்பு போதும். நச்சுக்குருதி நோயில் தவறான மருந்தில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் உயிருக்கு ஆபத்து என்பதை மருத்துவர்கள் அறிவார்கள்.

இன்னொரு பயனும் உண்டு. நிமோனியா நோயாளியின் சளி என்று வருவது சில வேளை வெறும் எச்சிலாக இருக்கும். சாயமேற்றிப் பார்த்தால் வாய்ப்பகுதிச் செல்கள் மிகுந்து, சீழ் அணுக்கள் குறைந்திருப்பது தெரியும். அந்த மாதிரியை நிராகரித்து வேறு கேட்க வேண்டும். அப்படிச் செய்யாமல் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினால், வாயில் இயல்பாக வாழும் கிருமி நோய்க்கிருமியாக அறிக்கையில் இடம்பெறும். அதற்கு வலிய ஆன்டிபயாடிக் எழுதப்படும். தேவையில்லாத மருந்தின் தொடக்கம் பல வேளைகளில் தகுதியற்ற மாதிரிதான்.

கிராம் சாயத்தையும் மிகையாகப் புகழ வேண்டியதில்லை. கிருமியின் பெயரை அது சொல்லாது. மருந்து எதிர்ப்பைச் சொல்லாது. தமிழகத்தில் மழைக்காலத்தில் கவலை தரும் எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் போன்றவற்றின் கிருமிகள் அதில் தட்டுப்படா. முன்பே ஆன்டிபயாடிக் உட்கொண்டவரின் மாதிரியில் கிருமி தெரியாமல் போகலாம். ஆல்கஹாலைச் சில நொடி கூடுதலாக ஊற்றினாலே பாசிட்டிவ், நெகட்டிவாக மாறித் தோன்றும். இவ்வளவையும் அறிந்து பயன்படுத்தினால், இது மருத்துவருக்குக் கிடைக்கும் மலிவான, விரைவான ஆலோசனை.

வில்லைக்குப் பின்னால் ஒரு கண்

சாயப் பரிசோதனையின் தரம் புட்டியில் இல்லை. பார்க்கும் கண்ணில் இருக்கிறது. ஒரு சிலைடில் 100 புலங்களை முறையாகப் பார்க்கக் குறைந்தது ஐந்து நிமிடம் வேண்டும். ஒருவர் ஒரு நாளில் இருபது, இருபத்தைந்து சிலைடுகளுக்கு மேல் பார்த்தால் கண் களைத்து, பிழை நேரும் என்பது நெடுநாள் அனுபவம். சர்க்கரை, இரத்த அணு, மலேரியா என்று எல்லாச் சோதனைகளையும் ஒருவரே செய்யும் ஆரம்ப சுகாதார நிலையத்தில், கடைசிச் சிலைடு இருபது புலங்களோடு முடிந்துவிட்டால் அந்த நுட்புநரை மட்டும் குறை சொல்ல முடியுமா? காசநோய்த் திட்டத்தின் ஆய்வக நுட்புநர்களில் பலர் ஒப்பந்த ஊழியர்கள். கிருமியுள்ள சளியோடு நாள் முழுவதும் வேலை செய்பவருக்குப் பணி நிரந்தரம் இல்லை. நோய் வந்தால் விடுப்பும் உறுதியில்லை.

புதிய கருவிகள் வந்ததும் இந்த நிலை தானாக மாறிவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். மாறாது. சளி மாதிரியைப் பெறுவதும், அது எச்சிலா சளியா என்று பார்ப்பதும், கருவியில் இடுவதும், பிழை வந்தால் உணர்வதும் மனிதரின் வேலை. சிலைடைச் சரியாகப் படிக்கத் தெரிந்த நுட்புநரே கருவியின் முடிவில் உள்ள முரணையும் கண்டுபிடிப்பார். சளியில் 3+ கிருமி இருந்தும் மூலக்கூறுச் சோதனை 'இல்லை' என்றால், அது காசநோயை ஒத்த வேறொரு அமிலம் தாங்கும் கிருமியாக இருக்கலாம் என்ற ஐயம் அவருக்குத்தான் எழும். இரண்டு சோதனைகளையும் அறிந்தவர் இல்லாத ஆய்வகத்தில் அந்த நோயாளி மாதக்கணக்கில் பொருந்தாத மருந்தை உட்கொள்வார்.

தமிழகம் இதில் முன்னுதாரணம் காட்ட முடியும். 2022இல் இங்கு தொடங்கப்பட்ட 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்', நோய் உறுதியானவுடன் ஒவ்வொருவரின் எடை, மூச்சு, நடமாட்டம் ஆகியவற்றைப் பார்த்து, மிக நலிந்தவர்களை மருத்துவமனையில் சேர்க்கிறது. எளிய அளவீடுகளைக் கொண்டு உயிர்களைக் காக்க முடியும் என்பதே அதன் அடிப்படை. இதே நோக்கு ஆய்வகத்துக்கும் வர வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, காசநோய் ஐயம் உள்ள அனைவருக்கும் முதல் சோதனை மூலக்கூறுச் சோதனையாகவே இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் சளிப் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்தால், 'காசநோய் இல்லை' என்று எழுதி அனுப்பும் வழக்கம் ஒழிய வேண்டும். எக்ஸ்ரேயும் மூலக்கூறுச் சோதனையும் முடிந்த பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும்.

இரண்டாவதாக, கார்ட்ரிட்ஜ், சிப் ஆகியவற்றின் கையிருப்பை மாவட்டவாரியாக மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். மருந்துக் கையிருப்பைப் போலவே குறைந்தது மூன்று மாத இருப்பு கட்டாயமாக்கப்பட வேண்டும். அரசின் மொத்தக் கொள்முதல் வலிமையைப் பயன்படுத்தி விலையை இன்னும் குறைக்க முடியும்.

மூன்றாவதாக, நுண்ணோக்கி மையங்களை மூடாமல், மாவட்ட மருத்துவமனை முதல் வட்ட மருத்துவமனை வரை அவற்றைப் பொதுவான நுண்ணுயிர் ஆய்வகங்களாக உயர்த்த வேண்டும். கிராம் சாயம் இருபத்து நான்கு மணி நேரமும் கிடைக்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் வலிய ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் மாதிரி எடுத்தாயிற்றா, சாய முடிவு என்ன என்பதை நோயாளியின் கோப்பில் பதிவதைக் கட்டாயமாக்கலாம். இதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை.

நான்காவதாக, ஆய்வக நுட்புநர் பணியிடங்களை நிரப்பி, ஒப்பந்த முறையைக் கைவிட வேண்டும். படித்த சிலைடுகளில் ஒரு பகுதியை வேறொருவர் முடிவு தெரியாமல் மீண்டும் படித்துச் சரிபார்க்கும் முறை காசநோய்த் திட்டத்தில் ஏற்கெனவே உள்ளது. அதே தரக் கட்டுப்பாடு கிராம் சாயத்துக்கும், தனியார் ஆய்வகங்களுக்கும் விரிவடைய வேண்டும்.

நோயாளிக்கு எந்தத் தொழில்நுட்பம் என்பது முக்கியமில்லை. தனக்கு என்ன நோய் என்று சரியாகவும் விரைவாகவும் யாராவது சொல்ல வேண்டும் என்பதே அவர் எதிர்பார்ப்பு. புதிய கருவியை வாங்கி வைத்துவிட்டு அதற்கான கார்ட்ரிட்ஜையும், பழைய கருவியை வைத்துக்கொண்டு அதைப் பார்க்கும் கண்ணையும் இழந்து நிற்கும் ஆய்வகத்தால் அதைச் செய்ய இயலாது. தவறிப்போன 2025 இலக்குக்குப் பதிலாக மற்றோர் ஆண்டைக் குறிக்கும் முன்பு, ஒவ்வொரு வட்டத்திலும் அந்தச் சரியான பதிலைச் சொல்லக்கூடிய ஓர் ஆய்வகம் இருக்கிறதா என்று அரசு எண்ணிப் பார்க்கட்டும். அந்தக் கணக்கை மக்கள் முன் வைக்கட்டும்.